இரண்டு கார்களுக்கு நடுவே

தரங்கம்பாடியில் பொதுக் கழிப்பறையை விட்டு நான் வெளியே வந்தபோது, எங்கள் கார்கள் இரண்டும் நின்றிருந்த இடத்தில் ஓர் ஆடு நின்று கிழிந்த போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது. எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. வெயில் ஏறிவிட்டதால் நிழல் பார்த்து வண்டியை நகர்த்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். கோட்டைச் சுவர் ஓரமாகப் போய்ப் பார்த்தேன். தேவாலயம் இருக்கும் தெருவில் பாதி தூரம் நடந்து பார்த்தேன். அங்கே யார் யாருடைய வண்டிகளோ நின்றன. திரும்பி வந்து அதே ஆட்டின் பக்கத்தில் நின்றபோதுதான் விஷயம் மண்டைக்குள் இறங்கியது. என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

போன டிசம்பரில் நடந்தது இது. கிறிஸ்துமஸ் முடிந்து புது வருஷம் பிறக்காத அந்த இடைப்பட்ட நாட்கள். நாங்கள் ஆறு பேர் விருத்தாசலத்திலிருந்து கிளம்பியிருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும், மகனும் மருமகளும், மகளும் மருமகனும். மகன் பெங்களூரில் இருக்கிறான், மகள் சென்னையில் இருக்கிறாள். இருவரும் ஒரே சமயத்தில் லீவு போட்டு வீட்டுக்கு வருவது அபூர்வம். எங்களுக்கு விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு செராமிக் கம்பெனி இருக்கிறது. ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு, பொம்மை எல்லாம் செய்கிறோம். கார்த்திகை தீபம் முடிந்தால் விளக்கு ஆர்டர் ஓய்ந்துவிடும். சூளையை ஆறவிட்டுவிட்டு எல்லோருமாகக் கடலோரமாகவே போய் வேளாங்கண்ணி, கோடியக்கரை வரை பார்த்துவிட்டு வரலாம் என்று மகன்தான் திட்டம் போட்டான்.

அவன் கார் ஒன்று, மருமகன் கார் ஒன்று. நான் இரண்டுக்கும் பொது. சேத்தியாத்தோப்பு வரை மகன் வண்டியில் போனேன். அங்கே டீ குடிக்க நிறுத்தியபோது மகள் என் கையைப் பிடித்து, எங்க வண்டிக்கு வாம்மா என்று இழுத்துக்கொண்டாள். சீர்காழியில் மருமகளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எலுமிச்சம்பழம் என்னிடம் இருந்ததால் மறுபடியும் மகன் வண்டிக்கு மாறினேன். தரங்கம்பாடியில் இறங்கியதும் கைப்பையைச் சுமந்துகொண்டு மணலில் நடக்க முடியாது என்று மகள் காரின் டிக்கியில் வைத்தேன். பர்ஸ், போன், கண்ணாடி எல்லாம் அதற்குள்தான். கோட்டையைச் சுற்றிப் பார்த்து, அலையில் கால் நனைத்து, போட்டோ எடுத்து முடித்ததும் வீட்டுக்காரர் கிளம்பலாம் என்றார். கால் மணலைக் கழுவிக்கொண்டு இதோ வந்துவிடுகிறேன் என்று நான் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன். வீட்டில் நான் எதையுமே அப்படித்தான் சொல்வேன், யார் காதிலாவது விழும் என்று.

இந்தக் காரில் இருப்பவர்கள் நான் அந்தக் காரில் இருப்பதாகவும், அந்தக் காரில் இருப்பவர்கள் நான் இந்தக் காரில் இருப்பதாகவும் நினைத்துக் கிளம்பியிருக்கிறார்கள். இது எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் சிரிப்புதான் வந்தது. அடுத்த ஊர் போவதற்குள் தெரிந்துவிடும், திரும்பி வந்துவிடுவார்கள். எதிரே ஒரு டீக்கடை இருந்தது. அதன் பந்தல் நிழலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் ஒவ்வொன்றாக வந்தது. சிவப்பாக ஒன்று வந்தால் மகன் என்று நினைப்பேன், வெள்ளையாக வந்தால் மருமகன். எதுவும் எனக்காக நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது.

டீக்கடையை நடத்துவது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும், புருஷன் கடலுக்குப் போகிறவர். ரொம்ப நேரமாக என்னைக் கவனித்துக்கொண்டிருந்தவள், யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. எந்தப் பிள்ளையாவது அம்மாவை மறந்துவிட்டுப் போகுமா என்று அவள் நினைப்பாளே என்று நானே முந்திக்கொண்டு, ரெண்டு வண்டி, அதான் குழப்பம், பிள்ளைகள் ரொம்பப் பாசமானவர்கள் என்று விளக்கம் சொன்னேன். அவள் அதெல்லாம் கேட்கவில்லை. தன் போனை எடுத்து நீட்டினாள்.

"நம்பர் சொல்லுக்கா, போட்டுத் தரேன்."

வாயைத் திறந்தேன். ஒரு நம்பரும் வரவில்லை.

மகன் நம்பர் தெரியவில்லை. மகள் நம்பர் தெரியவில்லை. தினமும் பத்து தடவை பேசுகிற புருஷன் நம்பர் தெரியவில்லை. போனில் அவர்கள் பெயர்தான் இருக்கிறது, படம்தான் இருக்கிறது, நம்பரை யார் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்தது என் நம்பர் ஒன்றுதான், எல்லாக் கடையிலும் பில் போடும்போது சொல்லிச் சொல்லி மனப்பாடமானது. அதையே சொன்னேன். அவள் போட்டாள். மணி அடித்தது. அடித்து முடிந்தது. மறுபடியும் போட்டாள். எங்கோ காரைக்கால் ரோட்டில், டிக்கிக்குள், பைக்குள், துண்டுக்கு அடியில் என் போன் அடித்துக்கொண்டிருந்தது. கேட்க ஆளில்லை.

பீச் ஓரத்தில் போலீஸ்காரர் ஒருவர் இருப்பார், சொல்லலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். போலீஸில் போய் என்னவென்று சொல்வது? காணாமல் போனது யார் என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்ல வேண்டும்.

அவள் டீயும் ஒரு பன்னும் கொடுத்தாள். குடித்துவிட்டு, கடலைப் பார்த்த மாதிரி இருந்த ஒரு கல் திட்டில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து ரோடும் தெரியும்.

அதிர்ச்சி என்பது சட்டென்று வந்து போகிற ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று அது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒவ்வொரு கார் வந்து போகப் போக, இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது. ஐந்து பேர். ஒருவர்கூட இன்னும் கவனிக்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. வருஷக் கடைசியில் பிள்ளைகள் வந்தால், சாப்பிடும்போது ஒவ்வொருவரும் இந்த வருஷம் எப்படிப் போனது என்று சொல்வது எங்கள் வீட்டுப் பழக்கம். மகன் வேலை மாறியதைச் சொன்னான். மருமகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதைச் சொன்னாள். மகளும் மருமகனும் புதுவீடு பார்ப்பதைச் சொன்னார்கள். வீட்டுக்காரர் கடைசியாக, எனக்கு ஒரு குறையும் இல்லை, நிறைந்த வாழ்க்கை வாழ்ந்துவிட்டேன் என்றார். எனக்கு அடுப்படியில் நின்றபடியே கண் கலங்கியது. அந்த நிறைவில் என் பங்கும் இருக்கிறதே என்ற பெருமை. தோசை கருகும் வாசம் வந்து திருப்பிப் போட்டேன்.

கல் திட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அவர் கடைசியாகச் சொன்னார். அவருக்கு அப்புறம் பேச்சு முடிந்து எல்லோரும் கை கழுவப் போய்விட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. முந்தின வருஷமும் கேட்கவில்லை. அதற்கு முந்தின வருஷமும். கேட்கவில்லை என்பதை நானும் கவனித்ததில்லை. நான் அப்போதெல்லாம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். சொல்வதற்கு நிறைய இருந்தது. வேப்பூர் பக்கத்துக் கிராமம் எனக்கு. கம்பும் வேர்க்கடலையும் விளைகிற காடு. பிறந்த வீட்டில் நாங்கள் ஐந்து பெண்கள், ஒரே பாயில் படுப்போம். கல்யாணமாகி விருத்தாசலம் வந்தபோது மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தனார்கள், அத்தனை பேருக்கும் சமைத்தேன். கம்பெனி ஆரம்பித்தபோது மண் குழைக்கிற இடத்திலிருந்து பெட்டி கட்டுகிற இடம் வரை எல்லா வேலையும் கற்றுக்கொண்டேன். மகள் வயிற்றில் இருந்தபோது சூளைக்குப் பக்கத்தில் நின்று ஜாடி அடுக்கியிருக்கிறேன். மாமியார் படுக்கையில் விழுந்து வருஷக்கணக்கில் இருந்தார்கள், அவர்கள் கட்டிலுக்குக் கீழேதான் தூங்கினேன். வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடந்தபோது கம்பெனியை நானே பார்த்துக்கொண்டேன். நல்ல வருஷங்களும் இருந்தன. முதன்முதலில் வெளிநாட்டுக்கு எங்கள் பொம்மை போன வருஷம், பிள்ளைகள் இருவரும் காலேஜ் முடித்த வருஷம். குறை சொல்கிற வாழ்க்கை இல்லை என்னுடையது. அவர் சொன்னது எனக்கும் பொருந்தும். நிறைந்துதான் இருந்தது.

ஆனால் அந்த நிறைவில் ஒரு நாள்கூட நான் தனியாக ஓர் ஊரில் நின்றதில்லை. கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, துணிக்கடைக்கு, எங்கே போனாலும் யாராவது கூட. இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்று இந்த உலகத்தில் எனக்கு வேண்டிய ஒருவருக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு நேரம் எனக்கு இருந்ததே இல்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை.

தேவாலயத்தில் மதிய மணி அடித்தது. நான் எழுந்து டீக்கடைக்குப் போனேன்.

"அவங்க வந்தாங்கன்னா, நான் வூட்டுக்குப் போயிட்டேன்னு சொல்லு" என்றேன்.

சொன்னது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. அவள் டீ வடிகட்டியைக் கீழே வைத்தாள்.

"கையில ஒண்ணுமில்லாம எப்புடிக்கா போவ? இங்கியே இரு. வராம எங்க போயிடுவாங்க."

"டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு இல்லதான. மாறி மாறிப் போயிடுவேன்."

கோபமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அது பொய். ஆனால் முழுப் பொய்யும் இல்லை. கோபம் மட்டும் என்றால் அங்கேயே உட்கார்ந்து அவர்கள் வந்ததும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எழுந்து போகச் சொன்னது வேறு ஏதோ. அவள் இலையில் நாலு இட்லி கட்டிக் கொடுத்து, பஸ் நிற்கிற இடம் வரை கூடவே வந்து ஏற்றிவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. இது சின்ன விஷயம்தான். ஆனால் எல்லோரும் ஒரே காரில் போகும்போது எனக்கு எப்போதும் பின் சீட்டில் நடு இடம். இரண்டு பக்கமும் ஆள், மடியில் பை. ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு எப்போது கடைசியாகப் போனேன் என்று யோசித்தேன், நினைவில்லை. வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் இறக்காமல் தொங்கியது. வாசலில் மார்கழிக் கோலம் மதிய வெயிலில் பாதி அழிந்து கிடந்தது. கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டு, காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர், தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டாள்.

"ஆமா. கடல் பாக்க வந்தேன்" என்றேன்.

நல்லா பார்த்தீங்களா என்றாள். பார்த்தேன் என்றேன். அத்துடன் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு பேச்சே இல்லை. எனக்கோ அது பெரிய காரியம். புருஷன் என்ன செய்கிறார், பிள்ளைகள் எத்தனை பேர் என்று எதையும் சொல்லாமல் நான் ஒருவரிடம் பேசி முடித்தது அதுதான் முதல் தடவை.

சீர்காழியில் இறங்கி வேறு பஸ் ஏறினேன். நிழலில் நின்று இட்லியைத் தின்றேன். கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஏறும்போது ஆற்றில் தண்ணீர் ஓடுவதை எட்டிப் பார்த்தேன். அதற்கப்புறம் தூங்கிப்போய்விட்டேன். சாதாரணத் தூக்கம் இல்லை, தலை ஜன்னல் கம்பியில் முட்டுவதுகூடத் தெரியாத தூக்கம். சிதம்பரம் வந்துவிட்டது என்று யாரோ தோளைத் தட்டினார்கள். விழித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இறங்கும் இடம் தவறிவிட்டதோ என்பதற்காக இல்லை. பஸ் ஏறியதிலிருந்து அவர்களில் ஒருவரைப் பற்றியும் நான் கவலைப்படவில்லை. மருமகளுக்குக் குமட்டல் நின்றதா, அவர் பிரஷர் மாத்திரை போட்டாரா, எதையும் நினைக்கவில்லை. அவர்கள் என்னை மறந்தது ஒரு அதிர்ச்சி என்றால், நானும் அவர்களை இவ்வளவு சுலபமாக மறந்தது அதைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சேத்தியாத்தோப்பு பஸ்ஸைத் தேடி ஏறினேன். இப்படி ஒரு பொம்பளை எனக்குள் எத்தனை நாளாக இருக்கிறாள்?

சேத்தியாத்தோப்பு போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. விருத்தாசலம் போகிற டவுன் பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சம்பா நெல் கதிர் வாங்கி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஓர் ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு சிதம்பரம் பக்கமாகப் போனது.

அது என்னைத் தாண்டிப் போனதுதான் தாமதம், அதுவரை வராத பயம் மொத்தமும் ஒரேயடியாக வந்தது. எனக்காக இல்லை. இந்நேரம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததும் மகன் எப்படி ஓட்டியிருப்பான்? அவன் சும்மாவே வேகமாக ஓட்டுகிறவன். லாரிகள் வரிசையாக ஓடுகிற ரோடு. அவருக்கு வேறு பிரஷர். டீக்கடைப் பெண்ணின் போனில் கூப்பிட்டது அவர்கள் கண்ணில் பட்டிருக்குமா? படாவிட்டால் என்னைக் கடலில் தேடிக்கொண்டிருப்பார்களா? நான் என்ன காரியம் செய்துவிட்டேன்? அங்கேயே உட்கார்ந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? பஸ் வந்தது. ஏறினேன். இதிலும் ஜன்னல் ஓரம் கிடைத்தும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏறி இறங்குவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். தூரத்திலேயே இரண்டு கார்களும் வாசலில் நிற்பது தெரிந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் கூடி நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. வீட்டு வாசலில் ஆட்கள் கூடி நிற்பதற்கு எங்கள் பக்கம் ஒரு காரணம்தான் உண்டு. யார் என்று நினைக்கக்கூட மனசு துணியவில்லை.

மருமகள்தான் முதலில் பார்த்தாள். அத்தை வந்துட்டாங்க என்று அவள் சொன்ன குரலில் ஒரு பயம் இருந்தது, என்னைப் பார்த்துப் பயந்த மாதிரி. மகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மகன் பக்கத்தில் வரவில்லை. காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். வீட்டுக்காரர் கேட்டுக்கு உள்ளே படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. ஐந்து பேரும் முழுசாக இருக்கிறார்கள். அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு அழுகையும் வந்தது.

நடந்ததை எல்லாம் மருமகள்தான் உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துச் சொன்னாள். மகள் கார் நேராக வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறது. மகன் கார் காரைக்காலில் கொஞ்சம் நின்று பின்னால் போயிருக்கிறது. நடுவில் போனிலும் பேசியிருக்கிறார்கள். எல்லாரும் ஓகேதானே என்று மகள் கேட்டிருக்கிறாள். எல்லாரும் ஓகே என்று இவன் சொல்லியிருக்கிறான். மதியம் ஓட்டலில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து, ஆறு இலை போடச் சொல்லி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கை கழுவப் போயிருப்பதாக ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். சோறு வைத்தாகிவிட்டது. நான் வரவில்லையே என்று மகள் எழுந்துபோய்ப் பாத்ரூமில் கூப்பிட்டிருக்கிறாள். திரும்பி வந்து, உங்க வண்டியிலதானே வந்தாங்க என்று கேட்டிருக்கிறாள். இல்லையே, உங்க வண்டியில என்று இவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை என்றாள் மருமகள். என் நம்பருக்குப் போட்டார்களாம். வாசலில் நின்ற காருக்குள்ளிருந்து மணிச் சத்தம் வந்திருக்கிறது. டிக்கியைத் திறந்து பையை எடுத்துப் போனில் புது நம்பரைப் பார்த்து, அதற்குக் கூப்பிட்டபோது டீக்கடைப் பெண் எடுத்தாள். அவள் திட்டிய திட்டை மருமகன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், ஐந்து பேரும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். திரும்பி வருகிற வழியில் சீர்காழி, சிதம்பரம் என்று ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் வீட்டுக்காரர் இறங்கி, நிற்கிற பஸ் ஒவ்வொன்றிலும் ஏறி சீட் சீட்டாகப் பார்த்திருக்கிறார். ஓர் இடத்தில் யாரோ ஒரு பெண்ணை நான் என்று நினைத்துத் தோளைத் தொட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் மட்டும் சுவரோரம் நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஏன் அங்கேயே இருக்கவில்லை, என்ன தைரியம் என்று கேட்பார், அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஒனக்கு எல போட்டேன்" என்றார். "தண்ணி தெளிச்சேன். காரம் ஆவாது, கொழம்பு கொஞ்சமா ஊத்துப்பான்னு சொன்னேன். எல்லாம் செஞ்சேன். நீ இல்லன்னு மட்டும் எனக்குத் தெரியல. எப்புடி தெரியாம போச்சு?"

அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். பதிலை நான்தான் சொல்ல வேண்டும் என்பது போல. இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. கால் ஒடிந்தபோதும் இல்லை, அவருடைய அம்மா போனபோதும் இல்லை. தன் கையைத் தானே நம்பாத ஆள் போல இருந்தார்.

மகள்தான் அதைத் தாங்காமல், ரொம்ப பயந்துட்டியாம்மா என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சேர்ந்து அழுது முடித்துச் சாப்பிட உட்கார்ந்திருப்போம். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

"மொதல்ல பயந்தேன்" என்றேன். "அப்புறம் பயமா இல்ல. பஸ்ஸுல வரும்போது நல்லா இருந்துது."

மகன் நிமிர்ந்து பார்த்தான். மகள் என் கையைப் பிடித்திருந்தவள் பிடியைத் தளர்த்தினாள். அவர்களை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று எனக்கு உடனே தெரிந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. அது உண்மை. சேத்தியாத்தோப்பில் அந்தப் பயம் வருகிற வரைக்கும் நல்லாத்தான் இருந்தது.

வீட்டுக்காரர்தான் பேசினார். மெதுவாக, ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். தலையை ஆட்டினார். பிறகு சமையல்கட்டுக்குப் போனார். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடுகிறார் என்பது தெரிந்தது. எழுந்து போய் எடுத்துக் கொடுக்க என் கால் தானாக நகர்ந்தது. மருமகள் என் தோளில் கை வைத்து உட்காருங்க அத்தை என்றாள். உட்கார்ந்தேன்.

கோடியக்கரை போகவே இல்லை. மிச்சமிருந்த லீவு நாட்களில் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். கிளம்புகிற அன்று மகன் என்னிடம் தனியாக வந்து, அந்த பஸ்ஸைப் பற்றிச் சொன்னது நிஜமா என்று கேட்டான். நிஜம்தான், ஆனால் உங்களை எல்லாம் பிடிக்காமல் இல்லை என்று சொன்னேன். எனக்குப் புரியும்மா என்றான். புரிந்ததோ என்னவோ. அவனுக்குப் புரிய இன்னும் வயது இருக்கிறது. எனக்கே முழுக்கப் புரியவில்லை. இதை எழுதும்போதுகூட, அன்றைக்கு எது பெரிய அதிர்ச்சி என்று கேட்டால் ஒன்றைச் சொல்லி, அடுத்த நிமிஷம் மாற்றிச் சொல்வேன்.

தையில் கம்பெனி வேலை மறுபடியும் சூடு பிடித்துவிட்டது. காலையில் இருவரும் ஸ்கூட்டரில்தான் போகிறோம். முன்பெல்லாம் நான் ஏறி உட்கார்ந்தேனா என்று பார்க்காமலேயே அவர் வண்டியை எடுத்துவிடுவார். இப்போது சிக்னலில், ரயில்வே கேட்டில், எங்கே வண்டி நின்று கிளம்பினாலும் லேசாகத் தலையைத் திருப்பி, "இருக்கியா?" என்கிறார். என் கை அவர் தோளில் இருக்கும்போதே கேட்கிறார்.

இருக்கிறேன் என்று சொல்வேன். சில நாள் கொஞ்சம் தாமதமாகச் சொல்வேன்.